நாலாவது டெஸ்டும் கருந்தும்பைக் கொம்பனும்

வைமர்டன் ஊரில் கார் ஓட்டக் கற்றுத்தர நோரா கேதர்கோலை விட்டால் ஆள் கிடையாது. அதே மாதிரி, மாவட்டத்தில் யார் எந்த அந்துப்பூச்சியைப் பார்த்தாலும், பார்த்தது அதுதான் என்று ஒப்புக்கொள்ள ஹம்ஃப்ரி பாஸ்க்கை விட்டால் ஆள் கிடையாது. அவருடையது சம்பளமில்லாத வேலை. ஆனால் சம்பளம் வாங்கும் நீதிபதிகூட அவ்வளவு யோசித்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டார். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத பூச்சிகளை ஜனங்கள் படம் பிடித்து அனுப்புவார்கள். அவர் சரி என்றால் அது மாவட்டப் பதிவில் ஏறும். இல்லை என்றால், அந்தப் பூச்சி உங்கள் தோளில் உட்கார்ந்து டீயே குடித்துவிட்டுப் போயிருந்தாலும் அது வரவில்லை என்றுதான் அர்த்தம்.

நோராவின் பூச்சிகளில் பாதி இப்படி வராமலே போனவை. பழகுகிறவர்கள் ரிவர்ஸ் எடுத்துத் திணறும் நேரமெல்லாம் அவள் ஜன்னல் வழியாக வேலியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கண்ணில் பட்டதைப் படம் பிடித்து அனுப்புவாள். "தெளிவில்லை", "சாதாரண இனமாக இருக்கலாம்", "இறகு தேய்ந்திருக்கிறது, சொல்வதற்கில்லை" என்று பதில் வரும். முதல் வருடம் அவள் அனுப்பிய ஒன்றுக்கு, "இது பூச்சி அல்ல. சூரியகாந்தி விதையின் தோல்" என்று வந்தது. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பூச்சி சங்கத்தின் செய்திமடலில் 'புதியவர்கள் கவனத்துக்கு' என்று அந்தப் படத்தையே போட்டுவிட்டார். பேர் போடவில்லை. ஆனால் படத்தின் ஓரத்தில் 'கேதர்கோல் டிரைவிங் ஸ்கூல்' என்ற பலகையின் பாதி தெரிந்தது.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் அவளிடமே கார் கற்றுக்கொள்ள வந்து நின்றார். நாற்பது வருடமாய் அவரைச் சதுப்பு நிலத்துக்கும் ஓடைக்கரைக்கும் ஏற்றிப்போன மனைவி டாஃப்னி, "போதும் ஹம்ஃப்ரி. எனக்கு இடுப்பு வலி. உனக்குக் கை கால் நல்லாத்தானே இருக்கு? நீயே ஓட்டிக்கோ" என்று சாவியை மேசைமேல் போட்டுவிட்டாளாம். அப்போது அவருக்கு அறுபத்தேழு வயது.

வந்த முதல் நாளே இருவருக்கும் நடுவில் வாய்விட்டுச் சொல்லாத ஓர் ஒப்பந்தம் உண்டானது. காரில் பூச்சிப் பேச்சு கிடையாது. மின்னஞ்சலில் கார் பேச்சு கிடையாது. காலையில் அவளுடைய காரைக் கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் முட்டியிருப்பார்; சாயங்காலம், "மதிப்பிற்குரிய மிஸ் கேதர்கோல் அவர்களுக்கு, தாங்கள் அனுப்பிய படம் கிடைத்தது" என்று, முன்பின் பார்த்திராதவர் போல எழுதுவார். அவளும், "மதிப்பிற்குரிய திரு. பாஸ்க்" என்று பதில் போடுவாள்.

ஓட்டுவதில் அவருக்கிருந்த தீராத வியாதி ஒன்றுதான். ரவுண்டானா வந்தால் நின்றுவிடுவார்.

"போங்க மிஸ்டர் பாஸ்க். வழி காலியா இருக்கு."

"காலிதான். ஆனா வலது பக்கம் தூரத்துல ஒரு வேன் தெரியுதே."

"அது நிறுத்தி வச்ச வேன். ஐஸ்கிரீம் விக்கிறாங்க."

"கிளம்ப மாட்டான்னு என்ன நிச்சயம்?"

பின்னால் நிற்கிற கார்கள் எல்லாம் ஹாரன் அடித்து ஓயும். மூன்று முறை டெஸ்டுக்குப் போனார். மூன்று முறையும், 'தேவையில்லாத தயக்கம்' என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த வார்த்தைகளைக் கேட்டபோதெல்லாம் நோராவுக்கு உள்ளூரக் கொஞ்சம் இனித்தது. அப்படி இனித்ததற்காக வருத்தமும் பட்டாள். வருத்தத்தைவிட இனிப்பு கூடுதல் என்பது வேறு விஷயம்.

இது இப்படியிருக்க, ஜூலை மாதம் ஒரு மத்தியானம், வேறொரு பெண்ணை டெஸ்டுக்கு அனுப்பிவிட்டு நோரா டெஸ்ட் மையத்தின் கார் நிறுத்துமிடத்தில் காத்துக்கொண்டிருந்தாள். கையில் சாசேஜ் ரோல். கடைசி வேலியோரம் ஆளுயரம் வளர்ந்த களைச்செடிகள். கருந்தும்பை என்று வைத்துக்கொள்ளுங்களேன். நம் தும்பைக்கு ஒன்றுவிட்ட தம்பி. பூ ஊதா நிறத்தில் அழகாகத்தான் இருக்கும். இலையைத் தொட்டுவிட்டால் போச்சு, மழையில் நனைந்த காலுறையை ஒரு வாரம் பைக்குள் கட்டி வைத்த நாற்றம். அந்தச் செடிமேல் ஏதோ மின்னியது. செம்பைத் தேய்த்து வைத்த மாதிரி இறகு, நடுவில் கருநீலமாய் ஒரு பட்டை, தலையில் பூச்சியைவிட நீளமாக இரண்டு கொம்பு. ரோலை வாயில் கவ்விக்கொண்டு படம் எடுத்தாள். படம் ஆடிவிட்டது.

'செம்புக் கொம்பன்' என்று துணிந்து பேர் போட்டு அனுப்பினாள். மறுநாள் பதில் வந்தது: "படம் தெளிவில்லை. சாதாரண மஞ்சள்பட்டைக் கொம்பனாக இருக்கலாம். உறுதிப்படுத்தப் பூச்சியையே கொண்டுவர வேண்டும்."

"பூச்சியையே கொண்டுவரணுமாம்" என்று நோரா சமையலறையில் நின்று கெட்டிலிடம் சொன்னாள். "கொண்டுவரேன்யா. தட்டுல வச்சு வெத்தலை பாக்கோட கொண்டுவரேன்."

அடுத்த வாரம் பாஸ்க்குக்கு நாலாவது டெஸ்ட். அன்றைக்கு வெயில் தாங்கவில்லை. தார் ரோடு இளகியது. கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். அவர் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நோரா வெளியே வேலிப் பக்கம் போனாள். பூச்சி இருந்தது. பிடிக்கப் பாத்திரம்தான் இல்லை. கைப்பையைக் கவிழ்த்துத் தேடினாள். சிறுநீர்ப் பரிசோதனைக்கென்று டாக்டர் கொடுத்த சின்ன பாட்டில், பிரிக்காமல் கிடந்தது. ஒரே மூடல், பூச்சி உள்ளே. மூச்சு முட்டப்போகிறதே என்று மூடியை இறுக்காமல் லேசாக வைத்தாள்.

டெஸ்ட் முடியட்டும், அப்புறம் காட்டலாம் என்று நினைத்தாள். பாவம், நாலாவது தடவை. இப்போது காட்டினால் மனிதர் ஸ்டியரிங்கையே மறந்துவிடுவார். அப்படி நினைத்தது அவளுக்கே பெருமையாக இருந்தது.

அதற்குள் பாஸ்க் வெளியே வந்தார். "நோரா, நீங்க பின்சீட்டுல உக்காந்துக்கறீங்களா? கூட ஒரு ஆளு வரலாமாம். உங்க முகம் கண்ணாடில தெரிஞ்சாலே எனக்குப் பயத்துல ஒழுங்கா ஓட்ட வரும்."

பரிசோதகர் மிஸ்டர் ஃபிளாட்மன் நெட்டையான மனிதர். சட்டைமேல் பளீரென்று மஞ்சள் மேலங்கி, அதில் அடையாள அட்டை. "மேடம் தாராளமா வரலாம். ஆனா வாயைத் திறக்கக் கூடாது. ஜாடை காட்டக் கூடாது. இருமல் வந்தாகூட அர்த்தமில்லாத இருமலா இருக்கணும்" என்றார். பிறகு அவள் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். எந்த மாதிரி பாட்டில் என்று தெரிந்துகொண்டார். சட்டென்று வானத்தைப் பார்த்தார்.

வெளியே வைத்தால் வெயிலில் பூச்சி வெந்துபோகும். ஆகவே நோரா பாட்டிலோடு ஏறி, மடியில் வைத்துக்கொண்டாள்.

கிளம்பி முதல் இடது திருப்பத்திலேயே பாஸ்க் பின் சக்கரத்தை நடைபாதைக் கல்லில் ஏற்றி இறக்கினார். நோரா ஒரு சாண் எம்பி விழுந்தாள். மூடி தெறித்தது. குனிந்து மூடியை எடுத்து நிமிர்வதற்குள் பாட்டில் காலி.

அவள் கண்ணால் காரைச் சல்லடை போட்டாள். பூச்சி முதலில் கூரையில் இருந்தது. பிறகு ஃபிளாட்மனின் வழுக்கையில் இறங்கி, அங்கே பிடிமானம் இல்லாமல் எழும்பியது. பிறகு பாஸ்க்கின் காதருகே ஒரு சுற்று. 'ஏய், ஏய்' என்று நோராவின் தொண்டை வரை வந்தது. வாயைத் திறந்தால் டெஸ்ட் அம்பேல். பல்லைக் கடித்துக்கொண்டாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்த பாஸ்க், தான் ஏதோ தப்புச் செய்கிறோம் என்று நினைத்து வேகத்தைக் குறைத்தார்.

ரவுண்டானா வந்தது. வழக்கம்போல் நின்றார். வழி காலி. போகவில்லை. பின்னால் ஒரு டிராக்டர்காரன் ஹாரன் அடித்தான். அப்போதுதான் பூச்சி போய் முன் கண்ணாடியில், சரியாக அவர் மூக்குக்கு நேரே உட்கார்ந்து, இரண்டு கொம்பையும் விரித்துக் காட்டியது.

பாஸ்க் உறைந்துபோனார்.

"பெண்ணு" என்றார் மெதுவாக.

"எங்க?" என்று ஃபிளாட்மன் ரோட்டைப் பார்த்தார். "ரோட்டைக் கடக்கிறாங்களா?"

"கொம்புல பாதி தூரம் கறுப்பா தடிச்சிருக்கு. பெண்ணு. இறகுல ஒரு கீறல் இல்ல."

ஃபிளாட்மனுக்கும் இப்போது பூச்சி தெரிந்தது. "ஓ, இதுவா? ஜன்னலைத் திறந்தா தானா போயிடும்" என்று பொத்தானில் கை வைத்தார்.

"தொடாதீங்க!"

அறுபத்தெட்டு வருடத்தில் பாஸ்க் போட்ட முதல் கூச்சலாக அது இருக்க வேண்டும். அவரே பயந்துபோனார். "மன்னிக்கணும் சார். தயவுசெஞ்சு ஒரு ஜன்னலும் திறக்கக் கூடாது. நான் முதல்ல தென்படற ஓரத்துல நிறுத்தறேன், அனுமதி உண்டா?"

"பத்திரமா நிறுத்தறதா இருந்தா நிறுத்துங்க."

மனிதர் வலது பக்கம் பார்த்தார், கியரைப் போட்டார், ரவுண்டானாவுக்குள் வெண்ணெயில் கத்தி போலப் போனார். இண்டிகேட்டர், கண்ணாடி, தோள் திருப்பிப் பார்வை, எல்லாம் அதது அதனதன் நேரத்தில். அந்தப் பக்கம் வெளியேறி, புல்லோர ஒதுக்கிடத்தில் கல்லுக்கு இணையாகக் கோடு போட்ட மாதிரி நிறுத்தினார். நோரா வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை வருடமாய்த் தொண்டை வறளக் கத்தியும் வராத காரியம்.

அதற்குள் பூச்சி கண்ணாடியை விட்டுப் பறந்து, அந்தக் காருக்குள் இருந்ததிலேயே பளிச்சென்ற இடமாகப் பார்த்து உட்கார்ந்தது. ஃபிளாட்மனின் மஞ்சள் மேலங்கியில், அடையாள அட்டைக்குப் பக்கத்தில்.

"அசையாதீங்க சார்." பாஸ்க் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்தார். அது வழியே பார்க்க வேண்டுமென்றால் மூக்கு ஒட்டும் தூரத்துக்குப் போயாக வேண்டும். போனார். வெளியே நாயோடு நடந்துபோன ஒரு அம்மாள், காருக்குள் ஒரு கிழவர் இன்னொருவர் மார்பில் முகம் புதைத்திருப்பதைக் கண்டு, நாயை இழுத்துக்கொண்டு எட்டி நடந்தாள்.

"மிஸ்டர் பாஸ்க்" என்றார் ஃபிளாட்மன், உதட்டை மட்டும் அசைத்து. "இது இன்னும் டெஸ்ட்தான்."

"தெரியும் சார். நோரா, நீங்க அனுப்பின படம் இதானே? செம்புக் கொம்பன்னு போட்டீங்க. தப்பு. நான் மஞ்சள்பட்டைன்னு எழுதினேன். அதுவும் தப்பு. நாம ரெண்டு பேருமே தப்பு." அவர் பூதக்கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எந்தச் செடிமேல இருந்துச்சு? அது தெரிஞ்சா முடிஞ்சுது."

நோரா வாயைத் திறந்தாள். ஃபிளாட்மன் ஒரு விரலை உயர்த்தினார். வாயை மூடினாள்.

"செடி, நோரா, செடி! சொல்லுங்களேன்!"

சொல்ல முடியாது. அவள் யோசித்தாள். பிறகு மெல்ல இரண்டு விரலால் மூக்கைப் பொத்தி, முகத்தை அஷ்டகோணலாக்கிக் காட்டினாள்.

ஃபிளாட்மன் கண்ணாடியில் அதைப் பார்த்தார். முகம் சிவந்தது. ஜன்னலெல்லாம் மூடிய கார், ஜூலை மாத வெயில், அவர் உடம்பில் இரண்டு சட்டை. நைசாகத் தலையைச் சாய்த்துத் தன் அக்குளை மோந்து பார்த்துக்கொண்டார்.

"கருந்தும்பை!" என்று கத்தினார் பாஸ்க். "நாத்தம் புடிச்ச கருந்தும்பை! அப்ப இது கருந்தும்பைக் கொம்பனேதான். சந்தேகமே இல்ல. துளிகூட இல்ல. நம்ம மாவட்டத்துல கடைசியா இதைப் பார்த்தப்ப நான் அரை டிராயர் போட்டிருந்தேன்!"

"மேடம், ஜாடையும் கூடாதுன்னு சொன்னேன்" என்றார் ஃபிளாட்மன்.

"அவங்க வண்டியைப் பத்தி ஜாடை காட்டலியே சார், களையைப் பத்தித்தானே? நோரா, பாட்டில்! அந்தப் பாட்டிலைக் குடுங்க!"

"ஐயையோ, அது வேணாம்!" ஃபிளாட்மன் சீட்டோடு சீட்டாக ஒட்டிக்கொண்டார். "அவங்களோட... அது... என்மேல கொட்டிடப் போவுது!"

நோரா பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். சொட்டுக்கூட விழவில்லை. அந்த மனிதர் விட்ட பெருமூச்சில் பூச்சி ஒரு அங்குலம் நகர்ந்தது.

பாஸ்க் சைகை காட்ட, நோரா முதலில் படம் எடுத்தாள். இந்த முறை கை ஆடவில்லை. கொம்பு, பட்டை, பக்கத்தில் 'ஆர். ஃபிளாட்மன், ஓட்டுநர் பரிசோதகர்' என்ற அட்டை, எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல விழுந்தது. பிறகு பாஸ்க் பாட்டிலை மேலங்கிமேல் கவிழ்த்து, அடியில் விரலை நீட்டி வழிமறித்து, மூடியை இறுக்கினார். இப்படித் தயங்காமல் ரவுண்டானாவில் நுழைந்திருந்தால் எப்போதோ பாஸாகியிருக்கலாம்.

"ஆச்சா?" என்றார் ஃபிளாட்மன், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "அப்ப கிளம்பத் தோதானதும் கிளம்புங்க."

திரும்பி வருகிற வழி முழுக்க அவர் ஓட்டியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறுகலான பாலத்தில் லாரிக்கு ஒதுங்கினார். இரண்டாவது ரவுண்டானாவை முதலாவதைவிட நன்றாக எடுத்தார். இவர் பாஸாகப் போகிறார் என்று தோன்றியதும், நோராவுக்குச் சந்தோஷத்தோடு கூடவே, 'அப்புறம் செவ்வாய்க்கிழமை காலையில் யாரைத் திட்டுவது?' என்ற எண்ணமும் வந்தது.

டெஸ்ட் மையத்தில் கடைசி வேலை, கட்டத்துக்குள் ரிவர்ஸில் நிறுத்துவது. வேலியோரக் கட்டம்தான் காலியாக இருந்தது. பாஸ்க் தலையைத் திருப்பிப் பின் கண்ணாடி வழியே பார்த்தபடி மெதுவாகப் பின்னால் வந்தார். அங்கே கருந்தும்பைப் புதர். அதன்மேல், மத்தியான வெயிலில், ஆண் பூச்சிகள் ஒரு கூட்டமாக மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு செம்புப் பொறி.

"அடேயப்பா" என்றார் பாஸ்க். "இங்கயேவா? நான் மூணு தடவை ஃபெயிலான இடத்துலயா?"

கார் வந்துகொண்டே இருந்தது. கட்டத்தின் கோடு போயிற்று. வேலி வந்தது.

"பிரேக்கு!" என்று நோரா அலறினாள்.

டொக் என்றது.

ஃபிளாட்மன் கையிலிருந்த டேப்லெட்டில் எதையோ தட்டினார். "மிஸ்டர் பாஸ்க், முப்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன். ரவுண்டானாவை இவ்வளவு அழகா எடுத்தவங்களை விரல்விட்டு எண்ணிடலாம். ஆனா கண்ணு முன்னால இருக்கிற வேலியை இடிச்சிட்டீங்களே. இதுக்கு நான் என்ன பண்ண முடியும்? மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு..."

கஷ்டப்பட்டதெல்லாம் வீண். பாஸ்க் எப்போதோ இறங்கிப் போயிருந்தார். வேலியோரம் முழங்கால் போட்டு, தலையைப் புதருக்குள் நுழைத்திருந்தார். அடுத்து டெஸ்டுக்குக் காத்திருந்த ஒரு பெண் அந்தக் காட்சியைப் பார்த்து வெலவெலத்துப்போய், "ஃபெயிலாயிட்டா இப்பிடித்தான் ஆயிடுமா?" என்று தன் ஆசிரியரைக் கேட்டாள்.

நோரா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். "நீங்களே விடுங்க. உங்களோடது" என்றார். பூச்சி விளிம்பு வரை நடந்து வந்து, கொம்பை அசைத்துப் பார்த்துவிட்டு, நாற்றத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

"மிஸ்டர் பாஸ்க், பம்பர் நசுங்கிடுச்சு."

"ஆமா, கேட்டுது" என்றார் அவர், தலையைத் திருப்பாமல். "அந்தா பாருங்க, இன்னொரு பெண்ணு."

பதிவில் 'கண்டவர்: நோரா கேதர்கோல்' என்று ஏறியது. இனம் கண்டவர் என்று தன் பேரையும் போடலாமா என்று பாஸ்க் இரண்டு நாள் தவித்து, கடைசியில் காரில் வைத்தே அவளிடம் கேட்டார். அவள் போடச் சொன்னாள். படத்தைச் செய்திமடலின் அட்டையில் போடுவதற்கு முன் ஃபிளாட்மனிடமும் அனுமதி கேட்டார்கள். என் முகம் வேண்டாம், அடையாள அட்டை இருக்கட்டும், என் தங்கச்சிக்குக் காட்டணும் என்றார் அவர். அந்த இதழ் வந்த அன்று நோரா அதை வண்டியின் முன்பக்கம் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினாள். பழக வந்த பையன்கள் அது புதுப் போக்குவரத்து விதி போலிருக்கிறது என்று நினைத்துப் படித்தார்கள்.

அக்டோபரில், மழை கொட்டிய ஒரு நாளில், எந்தப் பூச்சியும் தலைகாட்டாத வேளையில், பாஸ்க் ஐந்தாவது டெஸ்டில் பாஸானார். சாயங்காலமே டாஃப்னியைப் பக்கத்தில் உட்காரவைத்து, சொந்தக் காரில் நோரா வீட்டு வாசலில் வந்து இறங்கினார். கையில் பெரிய கேக். முகமெல்லாம் பல்.

டாஃப்னி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"இந்த மனுஷனுக்கு என்ன சொல்லிக் குடுத்தே நோரா? ரவுண்டானாவுல நிக்கவே மாட்டேங்கறான்" என்றாள். "டீ அப்புறம் ஆகட்டும். முதல்ல உக்கார ஒரு நாற்காலி குடு."